மூன்று கணினி, ஒரே பில்ட்: உட்கோப்புறைகளில் ஸ்கிரிப்ட் ஓட்டப் பழகுபவர்களுக்கு

பினாங்கு பட்டர்வொர்த்தில் ஒரு பாலாய் ராயாவில், அதாவது ஊர்ப் பொது மண்டபத்தில், சனிக்கிழமை மாலைகளில் ஏழெட்டுப் பேருக்கு நிரல் எழுதச் சொல்லித் தருகிறேன். படிவம் ஐந்து முடித்தவர்கள் உண்டு, பாலிடெக்னிக்கில் படிப்பவர்கள் உண்டு, பாயான் லெப்பாஸில் ஷிப்டு முடித்துப் பாலம் கடந்து வரும் ஒரு தம்பியும் உண்டு. தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுப்பவர்களின் பெயரைப் பதிந்து ரசீது அச்சடிக்கும் சின்ன மென்பொருள் ஒன்றை எல்லாரும் சேர்ந்து செய்துகொண்டிருக்கிறோம்.

திட்டத்தின் வேர்க் கோப்புறைக்குள் மூன்று உட்கோப்புறைகள். 'வெப்' என்பது பதிவுப் பக்கம், நோட்.ஜேஎஸ்ஸில் ஓடுகிறது. 'செர்வர்' பைத்தானில் எழுதியது. 'ரசீது' என்பது அச்சுப்பொறியோடு பேசும் ஒரு சி நிரல். அதைக் கட்டும் கருவி சிமேக். கட்டுவது, அதாவது 'பில்ட்' செய்வது என்றால், எழுதிய மூலநிரலை ஓடக்கூடிய வடிவத்துக்கு மாற்றுவது. ஷிப்டுத் தம்பியிடம் விண்டோஸ் மடிக்கணினி. பாலிடெக்னிக் தங்கச்சியிடம் மேக். மண்டபத்து மூலையில் யாரோ கொடுத்துவிட்டுப் போன பழைய பெட்டி. அதில் உபுண்டு போட்டிருக்கிறோம்.

கட்டும் கட்டளைகளை வரிசையாக எழுதிவைத்த ஒரே ஸ்கிரிப்டை மூன்றிலும் ஓட்டிய முதல் நாள், "அக்கா, எங்கிட்ட ஓடுது, அவகிட்டதான் ஓடல" என்ற பேச்சு இரண்டு மணி நேரம் தொடர்ந்தது. அன்று கற்றதையும் அதன் பிறகு அடிபட்டுக் கற்றதையும் இங்கே படிப்படியாக எழுதுகிறேன்.

ஒரு சொல்: கட்டளைகளை வகுப்பில் வாயால் சொல்வதுபோல ஒலிப்படியே எழுதியிருக்கிறேன். வெட்டி ஒட்டினால் கை பழகாது. விசைப்பலகையில் அவற்றை ஆங்கில எழுத்தில் நீங்களே தட்டுங்கள். சிறிய எழுத்தா பெரிய எழுத்தா என்று முக்கியமான இடத்தில் சொல்லிவிடுகிறேன்.

எங்கே நிற்கிறீர்கள்?

கொம்தாரில் இறங்கியவருக்கு, "நேராப் போயி ரெண்டாவது சிம்பாங்கில சோத்தாங்கைப் பக்கம் திரும்பு, நாசி கண்டார் கடை வரும்" என்று வழி சொல்கிறீர்கள். அதே வாசகத்தைப் பட்டர்வொர்த் ஃபெரி ஜெட்டியில் நிற்பவர் கேட்டு நடந்தால் எங்கே போய் முட்டுவார்? வழியில் பிழையில்லை. நின்ற இடம்தான் வேறு.

உட்கோப்புறை ஸ்கிரிப்டுகளில் வரும் பிழைகளில் பாதி இதுதான். ஓடும் ஒவ்வொரு நிரலுக்கும் 'நடப்புக் கோப்புறை' என்று ஒன்று உண்டு. கட்டளை தட்டும் சாளரமான டெர்மினலில் நீங்கள் நிற்கும் இடம் அது. ஸ்கிரிப்ட் கோப்பு இருக்கும் இடம் வேறு. 'சிடி வெப்' என்று எழுதினால், நிற்கும் இடத்துக்குள் வெப்பைத் தேடுமே தவிர, ஸ்கிரிப்டுக்குப் பக்கத்தில் தேடாது. வேர்க் கோப்புறையில் நின்று ஓட்டினால் எல்லாம் சரி. வேறெங்காவது நின்று முழுப்பாதை கொடுத்து ஓட்டினாலோ, எடிட்டரின் பொத்தானை அமுக்கினாலோ, விண்டோஸில் 'நிர்வாகியாக ஓட்டு' என்று கொடுத்தாலோ நிற்கும் இடம் மாறிவிடும். நிர்வாகியாகத் திறந்த சிஎம்டி (விண்டோஸின் பழைய கட்டளைச் சாளரம்) பெரும்பாலும் சிஸ்டம்32-க்குள் போய் நிற்கும். அங்கே வெப்பும் இல்லை, ரசீதும் இல்லை.

முதலில் நிற்கும் இடத்தைக் கேட்கப் பழகுங்கள். மேக்கிலும் லினக்ஸிலும் 'பிடபிள்யூடி'. விண்டோஸின் புதிய கட்டளைச் சாளரமான பவர்ஷெல்லிலும் அதே சொல் எடுபடும். சிஎம்டியில் 'சிடி' என்று மட்டும் தட்டினால் போதும். லினக்ஸ் பழகியவர் சிஎம்டிக்கு வந்தால் இங்கே தடுமாறுவார்: லினக்ஸில் வெறும் 'சிடி' வீட்டுக் கோப்புறைக்குக் கூட்டிப்போய்விடும், சிஎம்டியில் இருக்கும் இடத்தைச் சொல்லும்.

அடுத்து, ஸ்கிரிப்ட் தன் சொந்த விலாசத்தைத் தானே கண்டுபிடித்து அங்கே போய் நிற்க வேண்டும். இதற்கு ஒவ்வொரு வீட்டிலும் ஒவ்வொரு வழக்கம்.

பேஷில் (மேக்கிலும் லினக்ஸிலும் கட்டளைகளை வாங்கி ஓட்டும் 'ஷெல்' நிரல்) முதல் வரிகளில்:

சிடி "$(டிர்நேம் "$0")"

பேட்ச் கோப்பில் (சிஎம்டி ஓட்டும் ஸ்கிரிப்ட்):

சிடி /டி "%~டிபி0"

பவர்ஷெல்லில்:

செட்-லொகேஷன் $பிஎஸ்ஸ்கிரிப்ட்ரூட்

பேட்ச் வரியில் அந்த '/டி'யை விட்டுவிடாதீர்கள். நீங்கள் சி டிரைவில் நிற்க, திட்டம் டி டிரைவில் இருந்தால், '/டி' இல்லாத 'சிடி' பிழை எதுவும் காட்டாமல் சி டிரைவிலேயே நிற்க விட்டுவிடும். எங்கள் ஷிப்டுத் தம்பிக்கு ஒரு மாலை முழுக்க இதில் போனது. இன்னொன்று: '%~டிபி0' தரும் பாதையின் கடைசியில் பின்சாய்கோடு ஏற்கெனவே இருக்கும். அதன் பின்னால் நீங்களும் ஒன்று போட வேண்டாம்.

சாய்கோடு பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். விண்டோஸ் '\' போடுவதும் மற்றவை '/' போடுவதும் பழைய கதை. 1983-இல் எம்எஸ்-டாஸ் 2.0 கோப்புறைகளைக் கொண்டுவந்தபோது '/' குறி கட்டளைகளின் விருப்பத் தேர்வுகளுக்கு ஏற்கெனவே போய்விட்டிருந்தது. அதனால் பாதைக்கு '\' வந்தது. அந்த மிச்சம்தான் மேலே பார்த்த '/டி'. ஆனால் விண்டோஸின் உள்ளே பெரும்பாலான நிரல்கள் '/' குறியையும் பாதையாக ஏற்கின்றன. பைத்தான், நோட், சிமேக் மூன்றுக்கும் '/' எழுதினால் மூன்று இயங்குதளத்திலும் செல்லும். முரண்டு பிடிப்பது சிஎம்டியின் சொந்தக் கட்டளைகள்தான்.

பெயர் வைப்பதில் வரும் வினை

நம்மவர்களுக்கென்றே ஒரு வினை இருக்கிறது. அடையாள அட்டையில் உள்ளபடி பெயர் எழுதிப் பழகிய கை, ஒப்படைப்புக் கோப்புறைக்கும் 'இன்னார் ஏ/எல் இன்னார்' என்று பெயர் வைக்கும். 'ஏ/எல்' என்றால் இன்னாரின் மகன். விண்டோஸ் இதை ஏற்கவே ஏற்காது. கோப்புப் பெயரில் சாய்கோடு கூடாது. மேக்கின் கோப்புச் சாளரமான ஃபைண்டர் ஏற்றுக்கொள்ளும்! ஆனால் டெர்மினலில் பார்த்தால் சாய்கோடு இருந்த இடத்தில் முக்காற்புள்ளி ':' இருக்கும். அந்தக் குறியும் விண்டோஸுக்கு ஆகாது. லினக்ஸில் ஸ்கிரிப்ட் வழியாக 'எம்கேடிர் -பி' கொடுத்து அதே பெயரை உருவாக்கினால் இன்னும் வேடிக்கை: 'இன்னார் ஏ' என்றொரு கோப்புறையும், அதற்குள் 'எல் இன்னார்' என்றொரு கோப்புறையும் பிறக்கும். மகனையும் அப்பாவையும் ஒரு சாய்கோடு பிரித்துவிடும்.

இடைவெளியும் அப்படித்தான். பாதையில் இடைவெளி வரும் என்று எப்போதும் எதிர்பார்த்து, பாதை வரும் இடமெல்லாம் இரட்டை மேற்கோள் போடுங்கள். "எங்க கோப்புறைப் பேருல இடைவெளி கிடையாதே அக்கா" என்பார்கள். உங்கள் திட்டத்தில் இல்லாமல் இருக்கலாம். விண்டோஸ் பயனர் பெயரில் இருக்கலாம், ஒன்டிரைவ் கோப்புறையின் பெயரில் இருக்கலாம். அவை பாதையின் முன்பாதியில் வந்து உட்கார்ந்துவிடும்.

அப்புறம் தமிழில் பெயர் வைப்பது. நான் ஆசைப்பட்டு 'தொகுப்பு' என்று ஒரு கோப்புறை வைத்தேன். பழைய மேக் ஒன்றில் ஜிப் செய்து உபுண்டுப் பெட்டிக்குக் கொண்டுவந்தபோது ஸ்கிரிப்ட் 'அப்படி ஒரு கோப்புறை இல்லை' என்றது. கண்ணுக்கு முன்னால் இருக்கிறது, இல்லை என்கிறது. காரணம் 'தொ' என்ற எழுத்து. யூனிகோடில் ஒகர உயிர்மெய்க் குறியை ஒற்றை எண்ணாகவும் வைக்கலாம், கொம்பும் காலுமாக இரண்டு எண்ணாகப் பிரித்தும் வைக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். மேக்கின் பழைய ஹெச்எஃப்எஸ்+ கோப்பு முறை பெயரைப் பிரித்தே சேமிக்கும். 2017-இல் மேக்குக்கு வந்த ஏபிஎஃப்எஸ் இரண்டையும் ஒன்றாகவே பாவிக்கும். லினக்ஸுக்கு எழுத்து என்பதே தெரியாது, பைட்டுகளைத்தான் ஒப்பிடும். ஆகவே அதற்கு இவை இரண்டு வேறு பெயர்கள். ஒ, ஓ, ஔ வரிசை எழுத்துகள் மூன்றிலும் இந்தக் கண்ணி இருக்கிறது. 'ரசீது' போன்ற பெயர் தப்பித்துக்கொள்ளும், 'கோப்பு' மாட்டிக்கொள்ளும்.

தமிழ்ப் பெயரே வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் பில்ட் தொடும் கோப்புறைகளுக்கு மட்டும், சிறிய ஆங்கில எழுத்தில், இடைவெளி இல்லாமல் பெயர் வையுங்கள். தமிழை நிரலுக்குள் தாராளமாக வைத்துக்கொள்ளலாம், கீழே பார்ப்பீர்கள்.

சிறிய எழுத்து என்று அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. விண்டோஸும் மேக்கும் வழக்கமான அமைப்பில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாடு பார்ப்பதில்லை. லினக்ஸ் பார்க்கும். முதலெழுத்தைப் பெரிதாக்கி 'வெப்' என்று எழுதியது இரண்டு கணினியில் ஓடி, மூன்றாவதில் விழும்.

உள்ளே போனால் வெளியே வர வேண்டும்

தொடங்குபவர்கள் எழுதும் ஸ்கிரிப்ட் பெரும்பாலும் இப்படி இருக்கும் (என்பிஎம் என்பது நோட்.ஜேஎஸ்ஸுக்கு வேண்டிய தொகுப்புகளை நிறுவும் கருவி):

சிடி வெப்
என்பிஎம் சிஐ
என்பிஎம் ரன் பில்ட்
சிடி ..
சிடி ரசீது
சிமேக் -பி பில்ட்

படிக்க அழகு. ஆனால் நடுவில் ஒன்று தவறினால் பின்னால் வருவதெல்லாம் தவறான இடத்தில் நடக்கும். என் சொந்தக் கதையைச் சொல்கிறேன். பழைய பில்டைத் துடைக்க 'சிடி பில்ட்' என்றும், அடுத்த வரியில் எல்லாவற்றையும் அழிக்கும் 'ஆர்எம் -ஆர்எஃப் *' என்றும் எழுதியிருந்தேன். மேக்கில் மாதக்கணக்கில் ஓடியது. உபுண்டுவில் கோப்புறையின் பெயர் பெரிய எழுத்தில் தொடங்கியதால் 'சிடி' தோற்றது. தோற்ற பிறகும் பேஷ் நிற்காமல் அடுத்த வரிக்குப் போனது. வேர்க் கோப்புறையில் இருந்த மூலநிரல் மொத்தமும் ஒரு நொடியில் காலி. நிரலின் பழைய பதிப்புகளைச் சேமித்துவைக்கும் கிட்டில் முந்தின நாள்வரை இருந்ததால் தே தாரேக் குடித்துவிட்டு மீட்டெடுத்தேன். அன்றைய மாலை வேலை போனது போனதுதான்.

அதனால் இரண்டு பழக்கம். ஒன்று, தோற்றால் நிற்கச் சொல்லுங்கள். பேஷில் தொடக்கத்தில் 'செட் -இ' என்று ஒரு வரி. இரண்டு, உள்ளே போவதை அடைப்புக்குறிக்குள் வையுங்கள்:

(சிடி வெப் && என்பிஎம் சிஐ && என்பிஎம் ரன் பில்ட்)

அடைப்புக்குறிக்குள் இருப்பது ஒரு துணை ஷெல்லில் ஓடுகிறது. உள்ளே எவ்வளவு தூரம் நடந்தாலும், குறி மூடியதும் நீங்கள் பழைய இடத்திலேயே நிற்பீர்கள். 'சிடி ..' தேவையே இல்லை. '&&' என்பது முந்தையது வென்றால்தான் அடுத்தது. மேக், லினக்ஸ் இரண்டுக்கும் இது போதும்.

சிஎம்டியின் அடைப்புக்குறி இந்த வேலையைச் செய்யாது. அங்கே 'புஷ்டி வெப்' என்று உள்ளே போய், வேலை முடிந்ததும் 'பாப்டி' என்று திரும்ப வேண்டும். ஒவ்வொரு கட்டளைக்குப் பின்னும் '|| எக்ஸிட் /பி 1' சேருங்கள். இந்தப் 'பி' பேட்ச் என்பதன் முதலெழுத்து. தோற்றால் அங்கேயே வெளியேறும். சிஎம்டியில் 'செட் -இ' போல ஒட்டுமொத்தமாகச் சொல்ல வழி கிடையாது.

பேட்ச் கோப்பில் இதைவிட முக்கியமான பொறி ஒன்று இருக்கிறது. எங்கள் விண்டோஸ் ஸ்கிரிப்ட் 'என்பிஎம் சிஐ' முடிந்ததும் வெற்றிகரமாக நின்றுவிடும். பிழை எதுவும் வராது. அடுத்த வரி ஓடவே ஓடாது. மூன்று பேர் மூன்று நாள் தேடினோம். விஷயம் இது: விண்டோஸில் என்பிஎம் என்பது இஎக்ஸ்இ கோப்பு இல்லை, அதுவே ஒரு பேட்ச் கோப்பு. ஒரு பேட்ச் கோப்புக்குள்ளிருந்து இன்னொன்றை வெறுமனே அழைத்தால், ஓட்டம் அங்கே போய்விடும், திரும்பி வராது. கட்டிக்கொடுத்த பெண்ணாவது தீபாவளிக்கு வருவாள், இது வரவே வராது. முன்னால் 'கால்' என்ற சொல்லைச் சேர்த்தால் திரும்பி வரும்:

கால் என்பிஎம் சிஐ || எக்ஸிட் /பி 1

கிரேடில் போன்றவற்றின் விண்டோஸ் உறைக் கோப்புகளும் பேட்ச்தான். சந்தேகம் வந்தால் 'கால்' போட்டுவிடுங்கள்; சாதாரண நிரலுக்கு முன்னால் போட்டாலும் கெடுதல் இல்லை.

பவர்ஷெல்லில் 'புஷ்-லொகேஷன்', 'பாப்-லொகேஷன்' உண்டு. ஆனால் விண்டோஸோடு வரும் 5.1 பதிப்புக்கு '&&' தெரியாது; 7-ஆம் பதிப்பிலிருந்துதான் தெரியும். வெளி நிரல் தோற்றாலும் அது பாட்டுக்கு அடுத்த வரிக்குப் போகும். ஒவ்வொரு முறையும் '$லாஸ்ட்எக்ஸிட்கோட்' சுழியமா என்று நீங்கள்தான் பார்க்க வேண்டும். புதுக் கணினியில் என்பிஎம் என்று தட்டியதும் 'ஸ்கிரிப்ட் ஓட்ட அனுமதி இல்லை' என்று சிவப்பில் வந்தால் பதற வேண்டாம். பவர்ஷெல் அங்கே என்பிஎம்மின் பவர்ஷெல் வடிவத்தைப் பிடித்திருக்கிறது. இயக்கக் கொள்கையை உங்கள் கணக்குக்கு மட்டும் 'ரிமோட்சைன்ட்' என்று மாற்றினால் சரியாகும்.

வரிக் கடைசியில் ஒளிந்திருப்பது

விண்டோஸில் திருத்திய பேஷ் ஸ்கிரிப்டை உபுண்டுவில் ஓட்டினால், கண்ணெதிரே இருக்கும் பேஷையே 'இல்லை' என்று சொல்லும். விண்டோஸ் ஒவ்வொரு வரியின் கடைசியிலும் இரண்டு குறி வைக்கும், மற்றவை ஒன்று. அந்தக் கூடுதல் குறி முதல் வரியில் உள்ள நிரலின் பெயரோடு ஒட்டிக்கொள்கிறது. லினக்ஸ் 'பேஷ்' என்ற பெயருக்குப் பின்னால் ஒரு மாயக் குறி சேர்ந்த நிரலைத் தேடுகிறது. 'ஃபைல்' என்ற கட்டளையை அந்த ஸ்கிரிப்ட் மேல் ஓட்டினால் 'சிஆர்எல்எஃப்' என்று சொல்லிக் காட்டிக்கொடுத்துவிடும்.

ஒவ்வொருவரும் தத்தம் எடிட்டரில் சரிசெய்வது நடக்காத காரியம். வேர்க் கோப்புறையில் '.கிட்அட்ரிபியூட்ஸ்' என்ற கோப்பை வைத்து இரண்டே வரி எழுதுங்கள்:

*.எஸ்எச் டெக்ஸ்ட் இஓஎல்=எல்எஃப்
*.பேட் டெக்ஸ்ட் இஓஎல்=சிஆர்எல்எஃப்

இது திட்டத்தோடு பயணம் செய்யும். புதிதாகச் சேரும் பிள்ளைக்குத் தனியாகச் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஸ்கிரிப்டை ஓட்ட அனுமதியும் அப்படித்தான். விண்டோஸில் அந்த அனுமதிக் குறி கிடையாது. அங்கே உருவாக்கிய ஸ்கிரிப்ட் லினக்ஸில் 'அனுமதி மறுப்பு' என்று வரும். லினக்ஸ்காரர் 'சிஎச்மோட் +எக்ஸ்' கொடுப்பார். விண்டோஸ்காரர் தன் இடத்திலிருந்தே 'கிட் அப்டேட்-இண்டெக்ஸ் --சிஎச்மோட்=+எக்ஸ்' என்று கொடுத்துக் கமிட் செய்யலாம். ஒருமுறை செய்தால் போதும்.

மேக்கைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அதில் உள்ள பேஷ் 3.2, 2006-ஆம் ஆண்டுத் தலைமுறை. புதிய உரிம விதி பிடிக்காமல் ஆப்பிள் அதற்கு மேல் ஏற்றவில்லை, 2019-இல் புதிய கணக்குகளுக்கு இசட்எஸ்எச்சை வழக்கமாக்கிவிட்டது. லினக்ஸில் எழுதிய புதுப்பாணி பேஷ் வரிகள் அங்கே விழலாம். உரை மாற்றும் 'எஸ்இடி' கட்டளையின் '-ஐ' விருப்பம் இரண்டிலும் வேறு மாதிரி நடந்துகொள்ளும். உபுண்டுவிலோ 'எஸ்எச்' என்பது பேஷே இல்லை, டேஷ். ஆகவே ஸ்கிரிப்டின் முதல் வரியில் பேஷ் வேண்டும் என்று வெளிப்படையாக எழுதுங்கள்.

மூன்றை விட்டு ஒன்றுக்கு

இவ்வளவு படித்தபின் ஒரு கேள்வி வரும்: பேஷில் ஒன்று, பேட்சில் ஒன்று, பவர்ஷெல்லில் ஒன்று என்று மூன்றையும் யார் பராமரிப்பது? நாங்களும் இரண்டு மாதம் அப்படித்தான் இழுத்தோம். ஒன்றில் திருத்தினால் மற்றதில் மறந்துபோகும். இப்போது என் எண்ணம் உறுதி: தொடக்கநிலைக் குழு மூன்று ஷெல்லுக்கும் தனித்தனியாக எழுதவே கூடாது.

முதலில், கருவிகளிடமே 'அந்தக் கோப்புறைக்குப் போய்ச் செய்' என்று சொல்ல முடியுமா என்று பாருங்கள். பல கருவிகள் கேட்கும். 'கிட் -சி வெப்', 'மேக் -சி ரசீது'. இரண்டிலும் பெரிய 'சி', இங்கே 'மேக்' என்பது பழைய மேக்ஃபைல் கருவி. 'என்பிஎம் --பிரிஃபிக்ஸ் வெப் ரன் பில்ட்'. சிமேக்குக்கு 3.13 பதிப்பிலிருந்து 'சிமேக் -எஸ் ரசீது -பி ரசீது/பில்ட்'. எழுத்து இரண்டும் பெரியவை; 'பி' என்பது பில்டின் முதலெழுத்து. நடக்காமலே வேலை முடிகிறது, திரும்பி வரும் கவலையும் இல்லை. ஒரு எச்சரிக்கை: மேக்ஃபைலுக்குள் ஒவ்வொரு வரியும் தனி ஷெல்லில் ஓடும். முதல் வரியில் 'சிடி' போட்டு இரண்டாம் வரியில் வேலை செய்தால், இரண்டாம் வரி பழைய இடத்திலேயே நிற்கும்.

மீதி வேலைக்குப் பைத்தான். எங்கள் திட்டத்தில் அது எப்படியும் தேவை. வேர்க் கோப்புறையில் பில்ட் என்ற பெயரில் ஒரே ஒரு பைத்தான் கோப்பு. உச்சியில் பாத்லிப், ஷட்டில் ('எஸ்எச்', 'யூட்டில்' இரண்டையும் ஒட்டித் தட்ட வேண்டும்), சப்பிராசஸ் மூன்றையும் இறக்குமதி செய்துகொள்ளுங்கள். உடல் இது:

வேர் = பாத்(__ஃபைல்__).ரிசால்வ்().பேரண்ட்

டெஃப் ஓட்டு(எங்கே, *கட்டளை):
    நிரல் = ஷட்டில்.விச்(கட்டளை[0])
    சப்பிராசஸ்.ரன்([நிரல், *கட்டளை[1:]], சிடபிள்யூடி=வேர் / எங்கே, செக்=ட்ரூ)

ஓட்டு("வெப்", "என்பிஎம்", "சிஐ")
ஓட்டு("வெப்", "என்பிஎம்", "ரன்", "பில்ட்")
ஓட்டு("ரசீது", "சிமேக்", "-எஸ்", ".", "-பி", "பில்ட்")
ஓட்டு("ரசீது", "சிமேக்", "--பில்ட்", "பில்ட்", "--கான்ஃபிக்", "ரிலீஸ்")

முதல் வரி ஸ்கிரிப்டின் விலாசம். எங்கே நின்று அழைத்தாலும் மாறாது. 'சிடபிள்யூடி' என்ற அளபுருதான் இந்தக் கட்டுரையின் உயிர்: அந்த ஒரு கட்டளையை மட்டும் அந்த உட்கோப்புறையில் நிறுத்தி ஓட்டுகிறது, பைத்தான் தன் இடத்தை விட்டு நகர்வதில்லை. 'செக்=ட்ரூ' என்பது நம் 'செட் -இ'; ஒன்று தோற்றால் எல்லாம் நிற்கும். கட்டளையை ஒரே சரமாக எழுதாமல் துண்டு துண்டாகப் பட்டியலில் கொடுப்பதால் இடைவெளி, மேற்கோள் தொல்லை இல்லை.

'ஷட்டில்.விச்' எதற்கு என்று தங்கச்சி கேட்டாள். அவளுடைய மேக்கில் அது இல்லாமலே ஓடியது. தம்பியின் விண்டோஸில் ஓடவில்லை. என்பிஎம் அங்கே பேட்ச் கோப்பு என்று பார்த்தோமல்லவா, வெறும் பெயரைக் கொடுத்தால் விண்டோஸ் இஎக்ஸ்இ நீட்சியை மட்டும் சேர்த்துத் தேடிவிட்டு 'கோப்பு இல்லை' என்று கைவிரிக்கும். 'விச்' சரியான நீட்சியோடு முழுப்பாதையைக் கண்டு தருகிறது. நிறுவப்படாத கருவியென்றால் 'நன்' என்று வரும். அப்போது 'சிமேக்கை முதலில் நிறுவுங்கள்' என்று ஒரு செய்தி காட்டி வெளியேறும்படி இரண்டு வரி சேருங்கள். இல்லாவிட்டால் புதியவருக்குப் புரியாத பிழை வரும்.

'--கான்ஃபிக் ரிலீஸ்' எழுதியது விண்டோஸுக்காக. விஷுவல் ஸ்டுடியோவைக் கொண்டு கட்டும்போது ஓடும் கோப்பு 'பில்ட்'டுக்குள் 'ரிலீஸ்' என்ற இன்னொரு கோப்புறையில் போய் விழும். மற்ற இரண்டிலும் நேராகப் 'பில்ட்'டிலேயே இருக்கும். கட்டியதை எடுத்து நகலெடுக்கும் ஸ்கிரிப்ட் இருந்தால் இதை நினைவில் வையுங்கள்.

'வேர்', 'ஓட்டு', 'எங்கே' என்ற பெயர்களைப் பார்த்திருப்பீர்கள். அவை ஒலிபெயர்ப்பு இல்லை. உண்மையிலேயே தமிழில் தட்டலாம், பைத்தான் 3 ஏற்கும். மேலே சொன்ன 'தொ' சிக்கலும் இங்கே இல்லை, மாறிகளின் பெயரைப் பைத்தான் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்துதான் ஒப்பிடுகிறது.

செர்வர் கோப்புறைக்கு மட்டும் ஒரு கிளை தேவைப்பட்டது. பைத்தானின் மெய்நிகர்ச் சூழலுக்குள் ஓடும் கோப்புகள் விண்டோஸில் 'ஸ்கிரிப்ட்ஸ்' கோப்புறையிலும் மற்றவற்றில் 'பின்' கோப்புறையிலும் இருக்கும். 'ஓஎஸ்.நேம்' என்பது 'என்டி' என்றால் இது, இல்லையென்றால் அது. எங்கள் மொத்த ஸ்கிரிப்டில் இயங்குதளத்தைக் கேட்கும் வரி இது ஒன்றுதான்.

ஓட்டும்போது விண்டோஸில் 'பிஒய்', மற்ற இரண்டிலும் 'பைத்தான்3'. புதிய விண்டோஸில் 'பைத்தான்' என்று தட்டினால் சில சமயம் மைக்ரோசாஃப்ட் ஸ்டோர் திறக்கும். அது நிறுவப்படவில்லை என்பதன் அறிகுறி.

பென்டிரைவில் கொண்டுபோகக் கூடாதவை

மண்டபத்தில் இணையம் மெதுவாக இருந்த ஒரு நாள், தம்பி தன் முழுத் திட்டத்தையும் பென்டிரைவில் ஏற்றி உபுண்டுப் பெட்டிக்குக் கொடுத்தான். நல்ல மனசுதான். ஆனால் 'நோட்_மாட்யூல்ஸ்' கோப்புறைக்குள் அந்தந்த இயங்குதளத்துக்கென்று கட்டிய துண்டுகள் இருக்கலாம். விண்டோஸ் துண்டு லினக்ஸில் ஓடாது. சிமேக்கின் 'பில்ட்' கோப்புறையிலோ முழுப்பாதைகள் எழுதப்பட்டிருக்கும். இடம் மாறினால் அது கோபித்துக்கொள்ளும். மெய்நிகர்ச் சூழலும் அப்படியே. கிட் சேர்க்காமல் விட வேண்டியவற்றைக் குறிக்கும் '.கிட்இக்னோர்' கோப்பில் மூன்றையும் எழுதிவிட்டு, அந்தந்தக் கணினியிலேயே புதிதாகக் கட்டுங்கள்.

டபிள்யூஎஸ்எல் வைத்திருப்பவர்களுக்கு: விண்டோஸுக்குள்ளேயே லினக்ஸ் கிடைப்பது பெரிய வசதி, ஆனால் திட்டத்தை லினக்ஸ் பக்கத்து வீட்டுக் கோப்புறையில் வையுங்கள். சி டிரைவில் வைத்து லினக்ஸிலிருந்து தொட்டால் என்பிஎம் நத்தையாகும்.

கடைசியாகச் சோதிப்பது

கிட் திட்டங்களை வைக்கும் கிட்ஹப் தளத்தின் தானியங்கிச் சேவையான கிட்ஹப் ஆக்ஷன்ஸ் வைத்தால் மூன்று இயங்குதளத்திலும் தானாக ஓட்டிப் பார்க்கலாம். உபுண்டு, விண்டோஸ், மேக்ஓஎஸ் மூன்றையும் ஒரே அணியில் ('மேட்ரிக்ஸ்') கொடுத்தால் போதும். அங்கே 'வொர்க்கிங்-டைரக்டரி' என்று உட்கோப்புறையைக் குறிக்க முடியும், ஆனால் அது 'ரன்' படிகளுக்கு மட்டுமே. 'யூஸஸ்' படிகள் அதைக் கண்டுகொள்ளாது. விண்டோஸில் வழக்கமான ஷெல் பவர்ஷெல் என்பதையும் மறக்க வேண்டாம். நம் ஸ்கிரிப்ட் பைத்தானாக இருப்பதால் அது ஒரு பொருட்டில்லை.

கிட்ஹப் வரை போகாதவர்கள் கையாலேயே சோதிக்கலாம். நாங்கள் 'தே ஓ ஐஸ்' என்று இரண்டு இடைவெளியோடு ஒரு கோப்புறை உருவாக்கி, அதற்குள் திட்டத்தைப் புதிதாக கிட்டிலிருந்து இறக்குவோம். பிறகு மூன்று இடத்தில் நின்று ஓட்டுவோம்: வேர்க் கோப்புறையில் ஒருமுறை, வெப்புக்குள் நின்று '../' போட்டு ஒருமுறை, விண்டோஸானால் வேறு டிரைவிலிருந்தும் மற்றவற்றில் வீட்டுக் கோப்புறையிலிருந்தும் முழுப்பாதை கொடுத்து ஒருமுறை. அதன்பின் ரசீது நிரலில் வேண்டுமென்றே ஓர் அரைப்புள்ளியை எடுத்துவிட்டு ஓட்டுங்கள். ஸ்கிரிப்ட் அங்கேயே நின்று, சுழியம் அல்லாத எண்ணோடு வெளியேற வேண்டும். மேக், லினக்ஸில் 'எக்கோ $?', சிஎம்டியில் 'எக்கோ %எரர்லெவல்%' என்று கேட்டால் அந்த எண் தெரியும். சுழியம் வந்தால், எங்கோ ஒரு 'செக்=ட்ரூ' விடுபட்டிருக்கிறது.